மிருதுவான கல்லின் கடினமான கணக்கு

முகப் பவுடர் வாங்கும்போது நாம் கவனிப்பது இரண்டே விஷயங்கள்தான்: வாசனை, விலை. அந்தப் பவுடர் எந்த ஊர் மண்ணுக்கு அடியிலிருந்து, யாருடைய உழைப்பில் வெளியே வந்தது என்று கடைக்காரர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் அத்தனை வாசனையாக இருக்காது.

டால்க் என்று உலகம் அழைக்கும் இந்தக் கனிமம் நமக்கு அந்நியமானதல்ல. தமிழில் மாக்கல் என்போம். வாசலில் கோலமாகவும் அடுப்பில் கல்சட்டியாகவும் நம் வீடுகளில் நுழைந்த கல் அது. தெலுங்கில் பலபம், ஆரம்பப் பள்ளியில் சிலேட்டில் எழுதிய பல்பம் அதன் உறவுதான். சிந்துவெளி மக்கள் தங்கள் முத்திரைகளைச் செதுக்க இதையே தேர்ந்தெடுத்தார்கள். இன்று முகப் பவுடர் இதன் உபயோகங்களில் ஒரு சிறு பங்குதான். காகிதம், பெயின்ட், பீங்கான், பூச்சி மருந்துத் தூள், கார்களின் பிளாஸ்டிக் பம்பர் என்று இது இல்லாத தொழில் குறைவு. பஞ்சர் கடையில் டியூபின் மேல் தட்டும் வெள்ளைத் தூள்கூட இதுதான். பெருங்காயத்தில் கலப்படம் செய்பவர்களுக்கும் இதன்மீது தனிப் பிரியம் உண்டு.

கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் அளவுகோலில் வைரத்துக்கு 10 மார்க், டால்க்குக்கு 1. நகத்தால் கீறினாலே உதிரும். இவ்வளவு மிருதுவான கல்லைத் தோண்டி எடுப்பதில் என்ன சிரமம் இருக்க முடியும் என்று தோன்றும். நிலத்தின் மேற்பரப்பில் கிடைக்கும்வரை சிரமம் இல்லைதான். கடப்பாறையும் கூடையும் போதும். ஆனால் மேலே இருப்பது தீர்ந்து, படிவம் பாறைக்கு அடியில் சரிந்து இறங்கத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. நிலத்தடியில் எந்தக் குணம் இந்தக் கல்லை எளிதாக்குகிறதோ அதே குணம்தான் அதை ஆபத்தாக்குகிறது.

இந்தியாவின் டால்க் வளத்தில் ஏறக்குறைய பாதி ராஜஸ்தானில் இருக்கிறது. அடுத்த இடம் உத்தராகண்டுக்கு. தென்னிந்தியாவில் முக்கியமானவை ஆந்திரத்தின் படிவங்கள்: பேதஞ்செர்லா அருகிலுள்ள முத்தவரம், அனந்தபூர் மாவட்டத்துத் தாடிபத்ரி வட்டாரம். முத்தவரம் நெடுங்காலம் கர்நூல் மாவட்டத்தில் இருந்தது. 2022ல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பிறகு அந்தப் பகுதி நந்தியால் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் இந்தக் கல்லின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அறிவு முழுவதும் குவிந்திருப்பது வேறோர் ஊரில்: ஹைதராபாத்தில்.

சுரங்க விஷயத்தில் ஹைதராபாத்தை இந்தியாவின் மூளை என்று சொன்னால் அது மிகையல்ல. உப்பல் சாலையில் 1961ல் தொடங்கிய தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம். பண்ட்லகூடாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தென் மண்டல அலுவலகம். பேகம்பேட்டில் அணுக் கனிம இயக்குநரகம். மாசாப் டேங்கில் தேசிய கனிம வளர்ச்சிக் கழகம். இந்தியச் சுரங்கப் பணியகத்துக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும் இங்கே அலுவலகங்கள் உண்டு. பாறையைத் துளைக்கத் தெரிந்தவர்கள், துளைத்ததை மைக்ரோஸ்கோப்பில் படிக்கத் தெரிந்தவர்கள், படித்ததைச் சட்டமாக அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்கள் எல்லோரும் ஆட்டோ தூரத்தில் இருக்கிறார்கள். 2014ல் மாநிலம் இரண்டாகப் பிரிந்தபோது கல் ஆந்திரத்துக்குப் போனது. அதைப் படிக்கும் கண்கள் தெலங்கானாவில் தங்கிவிட்டன.

அந்தக் கண்கள் எதைப் பார்க்க வேண்டும்?

கடப்பாப் படுகை என்று புவியியலாளர்கள் சொல்லும் பெரும் பாறைத் தொகுதியை வில்லியம் கிங் ஆராய்ந்து 1872ல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அந்தப் படுகையின் அடிப்பகுதியில் இருக்கிறது வெம்பல்லி என்ற டாலமைட் அடுக்கு. ஒரு காலத்தில் ஆழமற்ற கடலாக இருந்த இடம். சுமார் 188 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து எரிமலைக் குழம்பு மேலெழுந்து இந்த அடுக்குகளுக்கு இடையே தகடு தகடாகப் புகுந்து இறுகியது. சூடான குழம்பு டாலமைட்டைத் தொட்ட இடங்களில் பாறை வெந்து, நீரும் சிலிக்காவும் சேர்ந்து, புதுக் கனிமங்கள் பிறந்தன. டாலமைட்டில் இருந்த மக்னீசியத்துடன் போதுமான சிலிக்கா சேர்ந்த இடத்தில் டால்க். சிலிக்கா குறைவாகக் கிடைத்த இடத்தில் செர்பென்டைன். அந்தச் செர்பென்டைன் நார் நாராக வளர்ந்த இடத்தில் கிரைசோடைல். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கல்நார். உலகம் வைத்திருக்கும் பெயர் ஆஸ்பெஸ்டாஸ்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. முத்தவரத்தில் டால்க் கொடுத்த அதே வெம்பல்லி டாலமைட்தான் கடப்பா மாவட்டம் புலிவெந்துலா அருகே ஆஸ்பெஸ்டாஸ் கொடுத்தது. தாய் ஒன்று, நெருப்பு ஒன்று. பிறந்த பிள்ளைகள் இரண்டு. ஒன்று குழந்தையின் கன்னத்துக்குப் போகிறது. மற்றொன்றின் நார் நுரையீரலுக்குள் போனால் இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிவரக்கூடியது.

இதைப் படித்ததும் பவுடர் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். ஆந்திர டால்க்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. டாலமைட்டிலிருந்து பிறந்த டால்க் பொதுவாகச் சுத்தமானது என்பதே நிபுணர்களின் அபிப்ராயம். செர்பென்டைன் பாறையிலிருந்து பிறந்த டால்க்கில்தான் நார்க் கனிமங்களின் சந்தேகம் அதிகம். ஆனால் ‘பொதுவாக’ என்ற சொல்லை நம்பிச் சுரங்கம் தோண்ட முடியாது. ஒரே படிவத்தில் பத்து மீட்டர் தள்ளிப் போனால் சிலிக்காவின் அளவு மாறலாம், கனிமமும் மாறலாம். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கையால் தடவியும் சொல்ல முடியாது. துளையிட்டு எடுத்த உருளை மாதிரியை மீட்டருக்கு மீட்டர் வெட்டி, எக்ஸ்ரே சோதனைக்கும் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கும் உட்படுத்தினால்தான் தெரியும்.

ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் அரசாங்கம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1986ல் அதற்குப் புதிய சுரங்கக் குத்தகை கொடுப்பது நிறுத்தப்பட்டது. 1993ல் பழைய குத்தகைகளைப் புதுப்பிப்பதும் நின்றது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது ஓய்வு பெற்று 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அருமையான தீர்ப்பு. ஆனால் இவை அனைத்தும் ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய தொழிலைக் குறிவைத்தவை. ‘டால்க்’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் நார் இருந்தால்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரிது. நியூயார்க் மாநிலத்தில் கௌவர்னர் என்ற ஊரின் டால்க் சுரங்கங்களில் இருந்த டிரெமோலைட் கனிமம் ஆஸ்பெஸ்டாஸா, வெறும் கற்துணுக்கா என்று நிறுவனமும் அரசு ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் வாதாடினார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் பேபி பவுடர்மீது பல்லாயிரம் வழக்குகள் குவிந்தன. தன் பவுடர் பாதுகாப்பானது, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்பதே நிறுவனத்தின் நிலை. இருந்தும் 2020ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023ல் உலகம் முழுவதிலும் டால்க் கலந்த பேபி பவுடரை நிறுத்திவிட்டு மக்காச்சோள மாவுக்கு மாறிக்கொண்டது. அதற்கு டால்க் விற்ற இமெரிஸ் குழுமத்தின் அமெரிக்கக் கிளை 2019ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டால்க்கையே ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது.

இத்தனை பணமும் கண்ணீரும் செலவான வழக்குகளின் ஆணிவேர் எங்கே என்று தேடிப் போனால், அது கோர்ட்டில் இல்லை, தொழிற்சாலையிலும் இல்லை. ஒரு படிவத்தைத் திறக்கும் முன் அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று யார், எவ்வளவு நேர்மையாகப் பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது.

சரி, இத்தனை வம்பு எதற்கு, நிலத்துக்கு அடியில் ஏன் போக வேண்டும், மேலிருந்தே தோண்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இந்தியாவில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். அதன் விளைவை உத்தராகண்டின் பாகேஷ்வர் மாவட்டத்தில் பார்த்தோம். மலைச்சரிவுகளில் மாக்கல் தோண்டத் தோண்ட, காண்டா பகுதிக் கிராமங்களில் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. 2025 ஜனவரியில் அந்த மாநில உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்து மாவட்டத்தில் சுரங்க வேலைகளை நிறுத்தி வைத்தது. திறந்தவெளிச் சுரங்கத்தில் ஒரு கூடை டால்க்குக்குப் பல கூடை மேல்மண்ணை அகற்றி எங்காவது கொட்டியாக வேண்டும். படிவம் ஆழத்தில் சரிய ஆரம்பித்தால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. வயலையும் வீட்டையும் காப்பாற்றிக்கொண்டு கனிமத்தையும் எடுக்க வேண்டுமானால், சில இடங்களில் நிலத்தடிச் சுரங்கம்தான் யோக்கியமான வழி.

ஆனால் அது ஒழுங்காகச் செய்தால் மட்டுமே. முதல் சிக்கல் துளையிடுவதிலேயே ஆரம்பிக்கிறது. கருங்கல்லில் துளைபோட்டால் நீண்ட உருளையாக மாதிரி கிடைக்கும். டால்க்கில் துளைபோட்டால் அது நசுங்கி, துளையில் ஓடும் நீரோடு கரைந்து வந்துவிடும். மாதிரி கிடைக்காத இடத்தில்தான் டால்க் இருந்திருக்கும்! இதற்கென்று உள்ள விசேஷக் குழாய்களும் பொறுமையும் வேண்டும், இரண்டுமே செலவு.

இரண்டாவது, கூரை. நிலக்கரிச் சுரங்கத்தில் கனிமத்தையே இடையிடையே தூண்களாக விட்டுவிட்டு மீதியை எடுப்பது வழக்கம். டால்க் தூணை நம்பி அடியில் நிற்பது சோப்புக் கட்டியின் மேல் வீடு கட்டுவதைப் போன்றது. பாரம் ஏற ஏற தூண் பிதுங்கும். ஈரம் பட்டால் வழுக்கும். எனவே நடமாடும் பாதைகளை டால்க்குக்குள் போடாமல் பக்கத்திலுள்ள கெட்டிப் பாறையில் போட வேண்டும். அங்கிருந்து டால்க்குக்குள் சிறிது சிறிதாகப் புகுந்து எடுத்து, எடுத்த இடத்தை உடனே கல்லும் சிமென்ட்டும் கொண்டு நிரப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். இத்தாலியில் டுரின் நகருக்கு மேற்கே ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மனாஸ்கா பள்ளத்தாக்கின் டால்க் சுரங்கம் இப்படி நிரப்பிக்கொண்டே, மேலிருந்து கீழாக இறங்கிய சுரங்கம். நிரப்பிய சிமென்ட் தளமே அடுத்த தட்டுக்குக் கூரை. அங்கே வேலை முடிந்த பழைய சுரங்கங்களை 1998ல் மியூசியமாகத் திறந்து, டிக்கெட் கொடுத்துச் சுற்றுலாப் பயணிகளை உள்ளே அழைத்துப் போக ஆரம்பித்தார்கள். வேலை முடிந்த சுரங்கத்துக்குள் ஊராரை அழைத்துக்கொண்டு போகும் துணிச்சல் நம் குத்தகைதாரர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்?

மூன்றாவது, தூசு. டால்க்கோடு குவார்ட்ஸ் கலந்திருந்தால் சிலிகோசிஸ். தனி டால்க் தூசே பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரலைத் தழும்பாக்கும். திறந்த குழியில் காற்று அடித்துக்கொண்டு போகும் தூசு, நிலத்தடியில் போக இடமில்லாமல் தொழிலாளியின் மூக்கைத் தேடும். ஈரத் துளையிடலும் காற்றாடி மின்விசிறிகளும் ஆடம்பரமல்ல. மேலே வந்த கல்லை நிறம் பார்த்துக் கையால் தரம் பிரிக்கும் வேலையில் இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. அவர்கள் சுரங்கத்துக்குள் இறங்காதவர்கள் என்பதாலேயே சுரங்க நோயின் கணக்கில் வராமல் போகிறார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கே? டால்க் விலை மலிவானது. சிறு குத்தகைதாரர், சில ஹெக்டேர் நிலம். அவரிடம் போய் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் என்றால் சிரிப்பார். அவர் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. அரசாங்கமே இந்தக் கல்லைச் சிறியதாகத்தானே நினைக்கிறது? 2015 பிப்ரவரியில் மத்திய அரசு 31 கனிமங்களைச் ‘சிறு கனிமங்கள்’ என்று அறிவித்து மாநிலங்களின் கையில் கொடுத்தது. மாக்கல் அதில் ஒன்று. சட்டத்தின் பார்வையில் அது மணலுக்கும் களிமண்ணுக்கும் பக்கத்து இருக்கை. பத்து ஆண்டுகள் கழித்து, 2025ல், அந்தப் பட்டியலிலிருந்து பாரைட், ஃபெல்ஸ்பார், மைக்கா, குவார்ட்ஸ் நான்கையும் மத்திய அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அவற்றோடு லித்தியம் போன்ற விலை உயர்ந்த கனிமங்கள் சேர்ந்திருக்கலாம் என்பதுதான் காரணம். ஒரு கனிமத்தோடு லாபமான துணை இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் சட்டம் மாறுகிறது. ஆபத்தான துணை இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு மட்டும் அந்த வேகம் இல்லை.

அதே வெம்பல்லி டாலமைட்டின் மூன்றாவது பிள்ளையைப் பாருங்கள். அதன் பெயர் யுரேனியம். புலிவெந்துலாவுக்குப் பக்கத்தில் தும்மலபல்லியில் அது இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஆண்டுக்கணக்கில் துளைபோட்டு அளந்தவர்கள் ஹைதராபாத் பேகம்பேட்டின் அணுக் கனிம விஞ்ஞானிகள். 2007ல் அடிக்கல் நாட்டப்பட்டு அங்கே நிலத்தடிச் சுரங்கமே உருவாகிவிட்டது. அந்தத் திட்டத்தின் கழிவுநீர் பற்றிச் சுற்றுப்புறக் கிராமங்கள் எழுப்பிய புகார்கள் வேறு கதை. ஆனால் ஒன்று நிச்சயம்: தேசத்துக்கு வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், இந்தப் பாறையை அங்குலம் அங்குலமாகப் படிக்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. யுரேனியத்துக்குக் கிடைத்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு மாக்கல்லுக்குக் கிடைத்தால் போதும்.

செய்ய வேண்டியது பெரிய புரட்சி அல்ல. ஒவ்வொரு குத்தகைதாரரும் தனித்தனியே துளைபோட வேண்டியதில்லை. ஒரு படிவத்தை ஒரு தொகுதியாக எடுத்துக்கொண்டு மாநில அரசே ஒரு முறை துளையிடட்டும். மாதிரிகளை ஹைதராபாத் ஆய்வுக்கூடங்களில் சோதிக்கட்டும். நார் இருக்கிறதா, குவார்ட்ஸ் எவ்வளவு, கூரைப் பாறை எப்படிப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி, ஏலத்துக்கு முன்பே தெலுங்கில் ஊருக்கும் ஏலதாரருக்கும் கொடுக்கட்டும். செலவை ஏலத்தொகையில் சேர்த்துக்கொள்ளலாம். நார் கிடைத்தால் அந்தப் பகுதியைத் தொடக் கூடாது. மூடி விடுவதுதான் லாபம். நிலத்தடி வேலைக்கு அனுமதி என்றால் நிரப்பும் பொறுப்பும் அனுமதியிலேயே இருக்க வேண்டும். 1995 தீர்ப்பு ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிக்குக் கொடுத்த மருத்துவப் பதிவேட்டை டால்க் தொழிலாளிக்கும் நீட்டிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இதெல்லாம் செய்தால் டால்க் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். ஒரு டப்பா பவுடரின் விலையில் கல்லின் பங்கைவிட வாசனைக்கும் விளம்பரத்துக்கும் போகும் பங்கு அதிகம். விளம்பரத்தில் குழந்தையைச் சிரிக்க வைக்கப் பணம் இருக்கும்போது, அந்தத் தூளைத் தோண்டுபவனின் தலைக்கு மேலுள்ள கூரையைத் தாங்கவும் பணம் இருக்கத்தான் வேண்டும்.

தோண்டுவது எளிது என்பதாலேயே இந்தக் கல்லை இத்தனை நாள் அலட்சியமாகத் தோண்டினோம். நகத்தால் கீறினால் உதிரும் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நகம் போதாது. அதற்கு வேண்டிய கருவிகள் உப்பல் சாலையிலும் பேகம்பேட்டிலும் தயாராக இருக்கின்றன. யாராவது ஒரு கல்லைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.